சத்தம் எங்கிருந்து வருகிறது? மின்சாரக் கார் ஏர்கோனை அளவை கொண்டு ஆராய்வோம்



இந்த மாதப் பாடம் கொஞ்சம் வித்தியாசமானது. மின்சாரக் காரில் ஏர்கோன் சத்தம் போட்டால் காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது, எதை நாமே சரிசெய்யலாம், எதில் கையே வைக்கக்கூடாது என்று பார்க்கப் போகிறோம். "சமய இளைஞர் இதழில் ஏர்கோன் பாடம் எதுக்கு?" என்று சிலர் கேட்கலாம். ரெண்டு காரணம் இருக்கு.

முதலாவது, நம் குடும்பங்களிலும் மின்சாரக் கார் வர ஆரம்பிச்சிருச்சு. அப்பா அம்மா பல வருடம் கடன் கட்டும் பொருள் அது. புதுத் தொழில்நுட்பம் என்பதால் யார் என்ன சொன்னாலும் தலையாட்டிவிட்டுப் பணம் கட்டும் நிலையில் பலர் இருக்கிறார்கள். படித்த பிள்ளை வீட்டில் இருந்தால் முதலில் அவரைத்தான் கேட்பார்கள்.

இரண்டாவது, சைவ சித்தாந்த வகுப்பில் 'அளவை' என்ற பாடத்தைப் படிக்கிறோம். தேர்வுக்கு மனப்பாடம் செய்கிறோம், அதோடு மறந்துவிடுகிறோம். அந்தப் பாடத்தை ஒரு நிஜ வேலையில் போட்டுப் பார்க்க இது நல்ல வாய்ப்பு.

இந்தப் பாடத்தின் முடிவில் நீங்கள்:
1. மின்சாரக் கார் ஏர்கோன் எப்படி வேலை செய்கிறது என்று விளக்க முடியும்.
2. நான்கு எளிய சோதனைகளால் சத்தம் வரும் இடத்தைக் குறுக்க முடியும்.
3. எங்கே நிறுத்திவிட்டு, பயிற்சி பெற்றவரிடம் கொடுக்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

மூன்று அளவைகள்: ஒரு நினைவூட்டல்

ஒரு பொருளைப் பற்றிச் சரியாக அறிய உதவும் கருவிக்கு அளவை என்று பெயர். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பல அளவைகளைச் சொல்லிவிட்டு, அவை எல்லாம் மூன்றுக்குள் அடங்கும் என்கிறார். அவை காண்டல், கருதல், உரை.

காண்டல் என்றால் ஐம்புலன்களால் நேரே அறிவது. கண்ணால் பார்ப்பது மட்டுமல்ல, காதால் கேட்பதும் இதில் சேரும். ஆனால் ஐயமும் திரிபும் இல்லாமல் அறிய வேண்டும். கருதல் என்றால் கண்டதை வைத்துக் காணாததை ஊகிப்பது. மலைமேல் புகை தெரிந்தால் அங்கே நெருப்பு இருக்கிறது என்று சொல்வோமே, அதுதான். உரை என்றால் நம்பத் தகுந்தவர் சொன்ன சொல். சமயத்தில் அது ஆகமம். நம் பாடத்துக்கு, காரைத் தயாரித்தவர் கொடுத்த கையேடும் பயிற்சி பெற்ற ஃபோர்மேன் சொல்லும் சொல்லும் என்று ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

இந்த வரிசை முக்கியம். நம்மில் பலர் கருதலில் தொடங்கிவிடுகிறோம். சத்தம் கேட்டதுமே "கம்ப்ரசர் போச்சு" என்கிறோம். காண்டல் சரியாக நடக்காத இடத்தில் கருதல் வெறும் ஊகம்தான்.

மின்சாரக் காரில் ஏர்கோன் எப்படி வேலை செய்கிறது?

குளிர்விக்கும் முறை எல்லாக் கார்களுக்கும் ஒன்றுதான். குளிர்வாயு ஒரு மூடிய குழாய்ச் சுற்றில் ஓடுகிறது. கம்ப்ரசர் அதை அழுத்துகிறது. அழுத்தியதும் அது சூடாகிறது. முன்பக்கம் உள்ள கண்டன்சரில், மின்விசிறிக் காற்றால் வெப்பத்தை இழந்து திரவமாகிறது. பிறகு எக்ஸ்பான்ஷன் வால்வின் குறுகிய வழியில் புகுந்து வெளிவரும்போது அழுத்தம் சட்டென்று குறைகிறது. டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயிலில் அது ஆவியாகி, அங்குள்ள வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. புளோவர் விசிறி அந்தக் காயில் வழியாகக் காற்றைத் தள்ள, நமக்குக் குளிர்காற்று வருகிறது.

வித்தியாசம் கம்ப்ரசரில்தான். பெட்ரோல் காரில் இன்ஜின் ஒரு பெல்ட் மூலம் கம்ப்ரசரைச் சுற்றும். மின்சாரக் காரில் இன்ஜின் இல்லை. கம்ப்ரசருக்குள்ளேயே மோட்டார் இருக்கும். பெரிய பேட்டரியின் உயர் மின்னழுத்தத்தில் அது ஓடும். பெரும்பாலான கார்களில் இது 300 முதல் 400 வோல்ட் வரை. சிலவற்றில் 800 வோல்ட். உள்ளே இரண்டு சுருள் தகடுகள். ஒன்று அசையாமல் நிற்க, மற்றொன்று வட்டமிட்டு வாயுவை நடுப்பக்கம் நெருக்கும். இதை ஸ்க்ரோல் கம்ப்ரசர் என்பார்கள். தேவைக்கு ஏற்ப நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று அளவிலிருந்து சுமார் 8,000 சுற்று வரை இதன் வேகம் மாறும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் புரிகிறது.

ஒன்று, இன்ஜின் சத்தம் இல்லாததால், முன்பு அதற்குள் மறைந்திருந்த சின்னச் சத்தம்கூட இப்போது காதில் விழும். கேட்கிற எல்லாச் சத்தமும் கோளாறு அல்ல.

இரண்டு, பல மின்சாரக் கார்களில் இதே கம்ப்ரசர்தான் பெரிய பேட்டரியையும் குளிர்விக்கிறது. வேக சார்ஜரில் போடும்போது பேட்டரி சூடாகும். அப்போது காரில் ஆளே இல்லாவிட்டாலும் கம்ப்ரசரும் முன்விசிறியும் பலமாக ஓடும். புதிதாக வாங்கியவர்கள் இதைக் கேட்டுத்தான் முதலில் பயப்படுகிறார்கள். பயப்படாதீங்க, அது தன் வேலையைச் செய்கிறது.

முதல் படி: காண்டல்

சோதனைக்கு முன் மூன்று ஏற்பாடு செய்யுங்கள். காரைச் சமதளமான, காற்றோட்டமான இடத்தில் 'பி' கியரில் நிறுத்துங்கள். சார்ஜர் போட்டிருந்தால் கழற்றுங்கள். நெடுஞ்சாலையில் ஓட்டி வந்த உடனேயோ, வேகமாகச் சார்ஜ் செய்த உடனேயோ சோதிக்காதீங்க. பேட்டரிக்காகக் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தால் முடிவு குழம்பும்.

சோதனை 1. டேஷ்போர்டைத் தடவிப் பாருங்கள். கண்ணாடி ஓரம் ஒட்டிய பிள்ளையார் சிலை, டோல் கார்டு, கிளவ் பாக்ஸில் கிடக்கும் சில்லறை, மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் கேளுங்கள். புளோவர் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஓடும்போது மட்டும் 'கிர்ர்' என்று கேட்டால், ஏதோ ஒரு பொருள் அந்த அதிர்வுக்கு ஒத்து ஆடுகிறது என்று அர்த்தம். கையால் அழுத்திப் பிடித்ததும் நின்றால் காரணம் கிடைத்தாச்சு.

சோதனை 2. ஏர்கோன் பொத்தானை அணைத்துவிட்டு, விசிறியை மட்டும் ஓட விடுங்கள். வேகத்தை ஒன்றிலிருந்து உச்சம் வரை ஒவ்வொரு படியாகக் கூட்டுங்கள். சத்தம் அப்படியே இருந்து, விசிறி வேகத்தோடு கூடிக் குறைந்தால் கோளாறு புளோவர் பக்கம். கம்ப்ரசரை மறந்துவிடலாம்.

சோதனை 3. இப்போது விசிறியை இரண்டாம் படியில் வைத்து, ஏர்கோனைப் போடுங்கள். வெப்பநிலையை மிகக் குறைந்த அளவுக்குக் கொண்டு போங்கள். சில நிமிடம் கழித்து 24, 25 டிகிரிக்கு ஏற்றுங்கள். சத்தத்தின் சுருதி முதலில் ஏறி, பிறகு இறங்கினால் அது கம்ப்ரசரோடு சம்பந்தப்பட்டது.

சோதனை 4. ஒருவர் உள்ளே இருக்க, இன்னொருவர் போனட்டைத் திறக்காமல் காரைச் சுற்றி நடந்து கேட்க வேண்டும். முன்பக்கம் காற்றோடு சேர்ந்த இரைச்சல் என்றால் கண்டன்சர் விசிறி. வெளியே சாதாரணமாக இருந்து, உள்ளே மட்டும் 'ம்ம்ம்' என்று ரீங்காரம் என்றால், அதிர்வு ஏதோ ஒரு குழாய் வழியாக உடம்புத் தகட்டுக்குக் கடத்தப்படுகிறது.

நான்கையும் கைப்பேசியில் பதிவு செய்து வையுங்கள். தேதி, நேரம், வெயிலா மழையா, விசிறிப் படி, வெப்பநிலை எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். வெர்க்‌ஷாப் போனதும் சத்தம் நின்றுபோவது எல்லாருக்கும் நடக்கும்; அப்போது இந்தப் பதிவுதான் கைகொடுக்கும்.

இரண்டாம் படி: கருதல்

ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு குணம் உண்டு. கேட்டதை வைத்துக் காரணத்தை ஊகிக்க இந்தப் பட்டியல் உதவும்.

'ட்ர்ர்ர்', விசிறி வேகத்தோடு கூடுவது: புளோவர் சக்கரத்தில் இலை, காகிதம், சருகு சிக்கியிருக்கலாம்.

'கீச்' என்ற சத்தம், விசிறி தொடங்கும்போது அதிகம்: புளோவர் மோட்டாரின் பேரிங் தேய்ந்திருக்கலாம்.

சத்தம் பெரிசு, காற்று மட்டும் கொஞ்சம்: காற்று வடிகட்டி அடைத்திருக்கிறது. நம் ஊர் தூசிக்கும் ஈரத்துக்கும் இது சகஜம்.

'டிக், டிக், டிக்', வெப்பநிலையையோ காற்றின் திசையையோ மாற்றும்போது: டேஷ்போர்டுக்குள் காற்றுக் கதவைத் திருப்பும் குட்டி மோட்டாரின் பிளாஸ்டிக் பற்சக்கரம் உடைந்திருக்கலாம்.

'ஸ்ஸ்ஸ்' என்று, அணைத்தபின் சில விநாடி மட்டும்: குளிர்வாயு சமநிலைக்கு வருகிறது. இது இயல்பு. ஆனால் ஓயாமல் கேட்டு, குளிரும் குறைந்தால் வாயு கசிந்திருக்கலாம்.

'களக் களக்', வளைவில் திரும்பும்போது. கால் வைக்கும் இடத்தில் ஈரம்: கூலிங் காயிலின் தண்ணீர் வடியும் குழாய் அடைத்துவிட்டது.

'ம்ம்ம்' என்று இருக்கை வரை அதிர்வு: கம்ப்ரசரைத் தாங்கும் ரப்பர் இறுகியோ கிழிந்தோ இருக்கலாம். அல்லது வாயுக் குழாயின் கிளிப் கழன்று, தகட்டில் உரசலாம்.

'கடகட' என்ற உலோகச் சத்தம், ஏர்கோன் போட்டால் மட்டும்: கம்ப்ரசருக்குள் தேய்மானம். இதை ஒத்திப்போடக் கூடாது. உள்ளே உதிரும் உலோகத்தூள் முழுக் குழாய்ச் சுற்றையும் கெடுத்துவிடும்.

எண்களும் பேசும்

இடைநிலைப் பள்ளியில் படித்த அதிர்வெண் பாடம் இங்கே கைகொடுக்கும். ஒரு பொருள் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறதோ, அதை 60-ஆல் வகுத்தால் விநாடிக்கு எத்தனை சுற்று என்று வரும். அதுவே ஹெர்ட்ஸ்.

கம்ப்ரசர் 6,000 சுற்றில் ஓடினால் 6,000 ÷ 60 = 100 ஹெர்ட்ஸ். வெப்பநிலையை ஏற்றியதும் அது 3,600-க்கு இறங்கினால் 60 ஹெர்ட்ஸ்.

ஒலியின் அதிர்வெண்ணை வரைபடமாகக் காட்டும் இலவசச் செயலிகள் கைப்பேசிக்குக் கிடைக்கின்றன. சோதனை 3-ஐச் செய்யும்போது அதைத் திறந்து வையுங்கள். உயர்ந்து நிற்கும் கோடு 100-லிருந்து 60-க்கு நகர்ந்தால், அது கம்ப்ரசரைப் பின்தொடர்கிறது. வெப்பநிலைக்கு அசையாமல், விசிறிப் படியை மாற்றும்போது மட்டும் நகர்ந்தால் அது புளோவர். ஸ்கேனர் உள்ள வெர்க்‌ஷாப்பில் கம்ப்ரசரின் உண்மையான சுற்று வேகத்தைத் திரையிலேயே பார்க்கலாம். அந்த எண்ணும் உங்கள் எண்ணும் பொருந்தினால் கருதல் உறுதியாகிறது.

ஒரு எச்சரிக்கை. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பக்கத்தில் சார்ஜரோ மின்மாற்றியோ இருந்தால் 50-லும் 100-லும் தானாகவே ஒரு ரீங்காரம் வரும். அதைக் கம்ப்ரசர் என்று நினைத்தால், கயிற்றைப் பாம்பு என்று கண்ட கதைதான். திரிபு என்று நம் நூல்கள் சொல்வது இதைத்தான்.

ஒரு எடுத்துக்காட்டு

மின்சாரக் காரில் இ-ஹெய்லிங் ஓட்டும் ஒரு மாமாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஏர்கோன் போட்டால் 'ட்ர்ர்ர்' என்று சத்தம். பயணிகள் முகம் சுளிக்கிறார்கள். ஒரு வெர்க்‌ஷாப்பில் ஓரிரு நிமிடம் கேட்டுவிட்டு, "கம்ப்ரசர் மாத்தணும் அண்ணே, சில ஆயிரம் வெள்ளி ஆகும்" என்கிறார்கள். மாமா கோயிலில் நம் இளைஞர் குழுவிடம் வந்து, "தம்பி, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கப்பா. மாசக் கடனே கழுத்தை நெரிக்குது" என்கிறார்.

என்ன செய்வோம்? சோதனை 1: சில்லறையை எடுத்தோம், மாற்றமில்லை. சோதனை 2: ஏர்கோனை அணைத்தோம், சத்தம் நிற்கவில்லை. மூன்றாம் படியில் கூடுகிறது, ஐந்தாம் படியில் இன்னும் கூடுகிறது. கம்ப்ரசர் ஓடாதபோதும் வரும் சத்தத்துக்குக் கம்ப்ரசர் எப்படிக் காரணமாகும்? இந்த ஒரு கேள்வியே பாதி வேலையை முடித்துவிட்டது.

அடுத்து மாமாவிடம் கேட்க வேண்டியது: "காடிய எங்க நிறுத்துவீங்க மாமா?" "வீட்டுக்கு முன்னால அங்சானா மரத்தடியிலதான் தம்பி." கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்று வாயில் சருகு குவிந்திருக்கிறது. சில கார்களில் காற்று வடிகட்டி புளோவருக்குப் பின்னால்தான் இருக்கும். அதனால் சிறு சருகு நேரே புளோவர் சக்கரத்தில் விழும். காரை அணைத்து, கையேட்டில் சொன்னபடி கிளவ் பாக்ஸைக் கழற்றிப் பார்த்தால் சக்கரத்தில் இலைக்காம்பு. எடுத்துவிட்டு, கறுத்துப்போன வடிகட்டியையும் மாற்றினால் செலவு சில பத்து வெள்ளி.

இதை வைத்து, "ஃபோர்மேன் எல்லாருமே ஏமாத்துறாங்க" என்று முடிவு கட்டாதீங்க. அவசரத்தில் சோதிக்காமல் சொல்வது வேறு, ஏமாற்றுவது வேறு. சோதனை 2-இல் சத்தம் நின்று, சோதனை 3-இல் 'கடகட' என்று கேட்டிருந்தால் அந்த ஃபோர்மேன் சொன்னதே சரியாக இருந்திருக்கும். அப்போது மாமாவிடம், "செலவு பண்ணித்தான் ஆகணும் மாமா, முதல்ல வாரன்டி இருக்கான்னு பாருங்க" என்று சொல்வதுதான் நேர்மை. கேட்பவருக்குப் பிடித்ததைச் சொல்வது நம் வேலை இல்லை.

மூன்றாம் படி: உரை

இங்கே கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

காண்டலும் கருதலும் நம் கையில் உள்ளவை. ஆனால் நேரே தொட்டுப் பார்த்துக் கற்றுக்கொள்ளக் கூடாதவையும் உண்டு. அங்கே நம்பத் தகுந்தவர் சொல்லைக் கேட்டு நடக்க வேண்டும்.

ஆரஞ்சு நிற வயர். மின்சாரக் காரில் உயர் மின்னழுத்த வயர்கள் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். நேர் மின்னோட்டத்தில் 60 வோல்ட்டைத் தாண்டினாலே வாகனத்துறையில் ஆபத்தானதாகக் கொள்கிறார்கள். கம்ப்ரசருக்குப் போவது அதைப்போலப் பல மடங்கு. காரை அணைத்தாலும் உள்ளே மின்தேக்கிகளில் மின்சாரம் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். பயிற்சி பெற்றவர்கள் முதலில் உயர் மின்னழுத்தத்தைத் துண்டித்து, கையேடு சொல்லும் நேரம் காத்திருந்து, மீட்டரால் அளந்து உறுதிசெய்த பிறகே தொடுவார்கள். 1,000 வோல்ட்டுக்கான ரப்பர் கையுறை அணிவார்கள். நமக்கு அந்தப் பயிற்சி இல்லையென்றால் ஆரஞ்சு வயரும் கம்ப்ரசரும் நம் எல்லைக்கு வெளியே. வீடியோ பார்த்துவிட்டு இறங்காதீங்க.

குளிர்வாயு. கார்களில் பெரும்பாலும் ஆர்-134ஏ அல்லது ஆர்-1234ஒய்எஃப் இருக்கும். ஓடும்போது ஒரு பக்கத்தில் அழுத்தம் 10 பாருக்கு மேல் போகும். கார் டயரில் இருப்பது சுமார் 2.3 பார்தான். குழாயைக் கழற்றினால் பீறிட்டு, தோலையும் கண்ணையும் உறைய வைத்துக் காயப்படுத்தும். மேலும் ஆர்-134ஏ, அதே எடையுள்ள கரியமில வாயுவைவிடச் சுமார் 1,400 மடங்கு பூமியைச் சூடாக்கும். இவ்வகை வாயுக்களைக் குறைக்கத்தான் 2016-இல் உலக நாடுகள் கிகாலி திருத்தத்தை ஒப்புக்கொண்டன. காற்றில் திறந்துவிடுவது பாவம் மட்டுமல்ல, அறிவியல்படி பெரிய தீங்கு.

"கேஸ் போட்டா சரியாயிடும்." இதை அடிக்கடி கேட்பீர்கள். குளிர்வாயு பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகும் பொருள் அல்ல. நன்றாகக் குறைந்திருந்தால் எங்கோ கசிவு. அதைக் கண்டுபிடிக்காமல் நிரப்பினால் மறுபடியும் குறையும். அளவுக்கு மேல் நிரப்பினால் அழுத்தம் ஏறி, கம்ப்ரசர் சத்தம் இன்னும் கூடும். எத்தனை கிராம் என்று போனட்டுக்கு உள்ளே ஒரு லேபிளில் எழுதியிருக்கும். அந்த எடைக்குச் சரியாக நிரப்புவதுதான் முறை.

எண்ணெய். அதிகம் பேருக்குத் தெரியாத விஷயம் இது. பெட்ரோல் கார் கம்ப்ரசர்களில் பொதுவாகப் பிஏஜி எண்ணெய் இருக்கும். மின்சாரக் கார் கம்ப்ரசரில் மோட்டாரும் அதே எண்ணெயில் நனைந்திருப்பதால், மின்சாரத்தைக் கடத்தாத பிஓஇ வகையைத்தான் பெரும்பாலான கார்களில் பயன்படுத்துகிறார்கள். பழைய இயந்திரத்தின் குழாயில் மிச்சமிருக்கும் பிஏஜி கொஞ்சம் கலந்தாலே மின்காப்பு குறையும். அந்தக் குறைவைக் கண்டால் கார் எச்சரிக்கை விளக்கு காட்டும். ஓட மறுக்கவும் செய்யலாம். ஆகவே வெர்க்‌ஷாப்பில் மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணே, மின்சாரக் காருக்குன்னு தனி மெஷின், தனி எண்ணெய் வச்சிருக்கீங்களா?" வேலை தெரிந்தவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

நாமே செய்யக்கூடியவை

1. காற்று வடிகட்டி மாற்றுவது. கையேட்டில் உள்ள படத்தைப் பாருங்கள். வடிகட்டியில் இருக்கும் அம்புக்குறி காற்று போகும் திசை, தலைகீழாகப் போடாதீங்க.
2. கண்ணாடிக்குக் கீழே காற்று வாயிலில் உள்ள சருகைக் கையால் எடுப்பது. மரத்தடியில் நிறுத்துபவர்கள் வாரம் ஒருமுறை.
3. டேஷ்போர்டில் ஆடும் பொருளை இறுக்குவது, அல்லது அடியில் மெல்லிய பஞ்சுத்துண்டு வைப்பது.
4. முன்பக்க வலையில் சிக்கிய பிளாஸ்டிக் பை, இலையை வெளியிலிருந்து எடுப்பது. கார் முழுவதும் அணைந்து, சார்ஜர் கழற்றியிருக்க வேண்டும். அந்த விசிறி தானாகவே ஓடத் தொடங்கும். கை, துப்பட்டா, தலைமுடி கவனம்.

கார் இன்னும் வாரன்டியில் இருந்தால் எதையும் கழற்றும் முன் விற்பனை நிலையத்தில் கேட்டுவிடுங்கள்.

ஆயுத பூஜை அன்று காருக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்குகிறோம். நமக்குச் சோறு போடும் கருவியை மதிக்கும் நல்ல பழக்கம் அது. மீதி நாட்களில் அந்தக் கருவி சொல்லும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பதும் அதே மரியாதையில் சேர்ந்ததுதான்.

சிந்திக்க, கலந்துபேச

1. ஏர்கோன் அணைந்திருந்தும் ஒரு மின்சாரக் காரில் கம்ப்ரசர் ஓடுகிறது. அது எப்போது இயல்பு?
2. கைப்பேசிச் செயலியில் கோடு 75 ஹெர்ட்ஸில் நிற்கிறது. அது கம்ப்ரசர் என்றால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று?
3. மாமாவின் எடுத்துக்காட்டில் காண்டல், கருதல், உரை மூன்றும் எங்கெங்கே வருகின்றன?
4. உங்கள் வாழ்க்கையில் காண்டல் இல்லாமல் கருதலுக்குப் போய்விட்ட ஒரு சந்தர்ப்பத்தைக் குழுவில் சொல்லுங்கள். நண்பரைப் பற்றியதாகவும் இருக்கலாம், வீட்டில் நடந்ததாகவும் இருக்கலாம்.

குழுப் பயிற்சி: அடுத்த வாரக் கூட்டுப் பிரார்த்தனை முடிந்ததும், கோயில் வளாகத்தில் நிற்கும் ஒரு காரில், உரிமையாளரின் அனுமதியோடு, சோதனை 1 முதல் 4 வரை செய்து பாருங்கள். பெட்ரோல் காராக இருந்தாலும் சரி. ஒருவர் கேட்க, ஒருவர் எழுத, ஒருவர் கையேட்டைப் படிக்கட்டும். யாரும் போனட்டைத் திறக்க வேண்டாம். குறிப்பேட்டைப் பொறுப்பாசிரியரிடம் கொடுங்கள்.